தாவர உணவுக்கு மாறிவிட்டோம். தடுப்பூசியும் மாத்திரையும் இனித் தேவையா?

கடிதத்தின் சுருக்கம்

பெயரை வெளியிட வேண்டாம் என்ற கோரிக்கையோடு விரிவான கடிதம் எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 46. ஆண்டில் நான்கைந்து மாதங்கள் கடுங்குளிர் நிலவும் இடத்தில் கணவர், மாமியார், மகள் ஆகியோருடன் வசிக்கிறார். சென்ற குளிர்காலத்தில் வீட்டிலுள்ள நால்வரும் ஒருவர் பின் ஒருவராக ஃப்ளூ காய்ச்சலில் படுத்தார்கள். மாமியாருக்கு அது நிமோனியாவாக முற்றி, மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்த அச்சம் இன்னும் நீங்காத நிலையில், இந்த ஆண்டு குளிர் தொடங்குவதற்கு முன்பே இறைச்சி, மீன், முட்டை, பால் அனைத்தையும் நிறுத்திவிட்டு, வீட்டையே முழுமையான தாவர உணவுக்கு மாற்றியிருக்கிறார். மாறி மூன்று வாரங்கள் ஆகின்றன.

கணவருக்கு வயது 54. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின், கிளிமிப்பிரைடு என்ற இரண்டு மாத்திரைகளை எடுத்துக்கொள்கிறார். இப்போது அவருக்குக் காலையில் கீரைச் சாறு, இரவில் காய்கறி சூப். சர்க்கரை அளவு இறங்கியிருப்பதில் குடும்பத்துக்கு மகிழ்ச்சி. ஆனால் இரண்டு முறை முற்பகலில் அவருக்குக் கை நடுங்கி, உடல் வியர்த்து, படபடப்பு வந்திருக்கிறது. உடலிலுள்ள கழிவுகள் வெளியேறுவதன் அறிகுறி அது என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதை வாசகி நம்பியிருக்கிறார். மாமியாருக்கு வயது 74. சீரற்ற இதயத் துடிப்புக்காக வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர். அவருக்குத் தினமும் கீரை சூப்பும், சமையல் மஞ்சளிலிருந்து செய்த கேப்ஸ்யூலும் கொடுக்கப்படுகின்றன. பசியில்லை, பாலும் முட்டையும் வேண்டும் என்று அவர் கேட்டபடி இருக்கிறார். விலங்குகள் மீதுள்ள இரக்கத்தால் ஓராண்டுக்கு முன்பே அசைவத்தையும் பாலையும் கைவிட்ட 15 வயது மகள், சில மாதங்களாகச் சோர்வாக இருக்கிறாள். இவை போக, நால்வரும் 1000 மி.கி. வைட்டமின் சி மாத்திரையை நாளுக்கு மூன்று முறை விழுங்குகிறார்கள். வைட்டமின் டிக்காக மூடிய கண்ணாடி ஜன்னலோரம் வெயிலில் உட்காருகிறார்கள்.

ஃப்ளூ தடுப்பூசி இனித் தேவையா, கணவரின் மாத்திரைகளைப் படிப்படியாக நிறுத்தலாமா, மகளின் சோர்வு உடல் பழகிக்கொள்ளும் காலத்துக்கானதா, மாமியாரை வற்புறுத்துவது சரியா என்பவை அவருடைய கேள்விகள்.

மருத்துவரின் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கேள்விகளை நீங்கள் எழுதிய வரிசையில் எடுத்துக்கொள்ளாமல், அவசரமானதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கணவருக்கு வந்த நடுக்கமும் வியர்வையும் கழிவு வெளியேறும் அறிகுறி அல்ல. உடலின் கழிவை அகற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் நடுக்கமோ வியர்வையோ இல்லாமல் ஒவ்வொரு நாளும் செய்துகொண்டிருக்கின்றன. அவருக்கு வந்தது பெரும்பாலும் ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும் தாழ்சர்க்கரை நிலையாகவே இருக்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இது அரிதாகவே வரும். ஆனால் கிளிமிப்பிரைடு, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும் மருந்து. நேற்றுவரை முழுமையான காலை உணவுக்கு ஏற்பக் கணக்கிடப்பட்டிருந்த அதே அளவு மாத்திரையை, இன்று ஒரு குவளைக் கீரைச் சாற்றின் மேல் எடுத்துக்கொண்டால் முற்பகலில் சர்க்கரை சரிவது எதிர்பார்க்கக்கூடியதே.

எனவே இன்றே உங்கள் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, உணவு மாறியிருப்பதையும் இரண்டு முறை நடுக்கம் வந்ததையும் சொல்லி, கிளிமிப்பிரைடின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள். அவர் முடிவு சொல்லும்வரை, மாத்திரை எடுக்கும் வேளையில் மாவுச்சத்து உள்ள உணவைத் தவிர்க்க வேண்டாம். மீண்டும் நடுக்கம் வந்தால் உடனே சர்க்கரையைச் சோதியுங்கள். 70 மி.கி.க்குக் கீழே இருந்தாலோ, கருவி கைவசம் இல்லாவிட்டாலோ, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, இன்னும் ஏறாவிட்டால் மீண்டும் கொடுங்கள்; ஏறிய பிறகு ஒரு வேளை உணவு கொடுங்கள். பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ வாயில் எதையும் ஊற்றாமல் அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். மருந்தின் அளவு சரிசெய்யப்படும்வரை அவர் வாகனம் ஓட்டாமல் இருப்பது நல்லது.

மாத்திரைகளை நிறுத்தலாமா என்ற கேள்விக்கும் இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. நார்ச்சத்து நிறைந்த தாவர உணவாலும் எடைக் குறைவாலும் சர்க்கரை நோய்க்கான மருந்தின் தேவை குறைவது உண்மை. சிலருக்கு மருந்தே தேவைப்படாத நிலையும் வருகிறது. ஆனால் அந்த முடிவை எட்ட வீட்டுக் கருவியில் தெரியும் சில வார எண்கள் போதாது. சுமார் மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையைப் பார்த்து, ஒவ்வொரு மருந்தாக, மருத்துவரின் கண்காணிப்பில் குறைக்க வேண்டும். முதலில் குறைக்கப்படுவது பெரும்பாலும் கிளிமிப்பிரைடாகவே இருக்கும்.

ஒரே சொல்லில் கலந்துவிட்ட இரண்டு தடுப்புகள்

உங்கள் கடிதத்தைப் படித்தபோது, நோய்த் தடுப்பு என்ற சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு எதிர்பார்ப்புகளை நீங்கள் வைத்திருப்பது தெரிந்தது. ஒன்று, இதய நோய், சர்க்கரை நோய், பெருங்குடல் புற்றுநோய் போன்றவை வரும் ஆபத்தைப் பல ஆண்டுகளில் குறைப்பது. மற்றொன்று, வருகிற சில மாதங்களில் யாரும் காய்ச்சலில் படுக்காமல் பார்த்துக்கொள்வது. தாவர உணவு முதல் வேலையை மிக நன்றாகச் செய்கிறது. இரண்டாவதில் அதன் பங்கு சிறியது.

முதல் வேலைக்கான சான்றுகள் வலுவானவை. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் நியூசிலாந்து ஆய்வாளர்கள் செய்து, 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட தொகுப்பாய்வு, நார்ச்சத்தை மிகக் குறைவாக உண்பவர்களோடு மிக அதிகமாக உண்பவர்களை ஒப்பிட்டது. அதிகமாக உண்பவர்களிடம் இதய நோய், பக்கவாதம், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், பெருங்குடல் புற்றுநோய் ஆகியவை 15 முதல் 30 சதவீதம் குறைவாகக் காணப்பட்டன. நாளொன்றுக்கு 25 முதல் 29 கிராம் நார்ச்சத்து என்பது அந்த ஆய்வு சுட்டிய நல்ல அளவு. முழுத்தானியம், பயறு, காய்கறி, பழம் ஆகியவற்றைக் கொண்டு அந்த அளவை எளிதாக எட்டலாம். வடிகட்டிய சாற்றைக் கொண்டு எட்டவே முடியாது, ஏனென்றால் நார் பெரும்பாலும் சக்கையோடு போய்விடுகிறது. உங்கள் கணவருக்குச் சாறு வேண்டாம், முழுக் காய்கறியும் முழுப் பழமும் கொடுங்கள் என்று நான் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம்.

தாவரத்திலிருந்து வந்தது எதுவானாலும் நல்லது என்ற எண்ணத்தையும் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவத் துறைப் பணியாளர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2017-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், முழுத்தானியமும் பயறும் கொட்டைகளும் காய்கறிகளும் மிகுந்த தாவர உணவை உண்டவர்களுக்கு மாரடைப்பு போன்ற இதய நோய் ஆபத்து 25 சதவீதம் குறைவாக இருந்தது. வெள்ளை மாவும் இனிப்புப் பானங்களும் பழச்சாறும் மிகுந்த தாவர உணவை உண்டவர்களுக்கோ அதே ஆபத்து 32 சதவீதம் அதிகமாக இருந்தது. நீங்கள் வாங்கி வைத்திருப்பதாகப் பட்டியலிட்டுள்ள தாவர சாசேஜ், தேங்காய் எண்ணெயில் செய்த சீஸ், பாக்கெட் சூப் ஆகியவற்றின் உறையைத் திருப்பி உப்பையும் நிறைவுற்ற கொழுப்பையும் படித்துப் பாருங்கள். குளிர்காலத்தில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் பலருக்கு ரத்த அழுத்தம் சற்று ஏறுகிறது. அந்த மாதங்களில் பாக்கெட் சூப்பின் உப்பும் சேர்வது உங்கள் கணவருக்கும் மாமியாருக்கும் நல்லதல்ல. ஒருவருக்கு ஒரு நாளுக்கு மொத்தம் 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

இப்போது இரண்டாவது எதிர்பார்ப்புக்கு வருகிறேன். குளிர்காலத்தில் ஃப்ளூ பரவுவதற்குக் காரணம் நம் உணவு அல்ல. வறண்ட, குளிர்ந்த காற்றில் வைரஸ் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கிறது. மூக்கின் உட்சவ்வு உலர்ந்து தன் காவல் வேலையில் தளர்கிறது. ஜன்னல்களை மூடிக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் ஒரே காற்றைச் சுவாசிக்கிறோம். இந்த நிலையில், புரதமும் துத்தநாகமும் வைட்டமின்களும் போதுமான அளவு கிடைக்கும் உடல், அவை குறைந்த உடலைவிடத் தொற்றை நன்றாக எதிர்கொள்ளும். ஆனால் குறையில்லாத உடலில் அவற்றை மேலும் மேலும் சேர்ப்பதால் எதிர்ப்புச் சக்தி அதற்கேற்ப ஏறிக்கொண்டே போவதில்லை.

வைட்டமின் சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1970-இல் நோபல் பரிசாளர் லைனஸ் பாலிங் அதிக அளவு வைட்டமின் சி சளியைத் தடுக்கும் என்று வாதாடியதிலிருந்து உலகெங்கும் அந்த நம்பிக்கை நிலைத்துவிட்டது. பின்னர் நடந்த பல சோதனைகளைத் தொகுத்து, மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013-இல் வெளியிட்ட ஆய்வு, தினமும் மாத்திரை எடுத்தவர்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை என்றும், பிடித்த சளி பெரியவர்களில் சுமார் 8 சதவீதமும் குழந்தைகளில் சுமார் 14 சதவீதமும் சீக்கிரம் தீர்ந்தது என்றும் காட்டியது. மாரத்தான் ஓட்டக்காரர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்யும் வீரர்கள் போன்றவர்களிடம் மட்டுமே சளி பிடிப்பது பாதியாகக் குறைந்தது. வயது வந்த பெண்ணுக்கு நாளுக்கு 75 மி.கி.யும் ஆணுக்கு 90 மி.கி.யும் போதும், ஒரு ஆரஞ்சும் சிறிது குடைமிளகாயும் அதைக் கொடுத்துவிடும். நீங்கள் எடுக்கும் 3000 மி.கி. என்பது பெரியவர்களுக்கான உச்ச வரம்பான 2000 மி.கி.யைத் தாண்டியது. அதனால் வயிற்றுப்போக்கு வரலாம். சிறுநீரகக் கல்லுக்கான வாய்ப்பும் கூடலாம். அந்த மாத்திரைகளை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

தடுப்பூசி

தயவுசெய்து தடுப்பூசியைத் தவிர்க்காதீர்கள். உங்கள் வீட்டில் 65 வயதைத் தாண்டிய ஒருவரும் சர்க்கரை நோயாளி ஒருவரும் இருக்கிறார்கள். ஃப்ளூவால் கடும் பாதிப்பு அடைபவர்களின் பட்டியலில் இருவரும் முதல் வரிசையில் வருவார்கள். புழக்கத்தில் உள்ள வைரஸோடு தடுப்பூசி நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில், மருத்துவரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வருவதை அது 40 முதல் 60 சதவீதம் குறைக்கிறது. பொருந்தாத ஆண்டுகளில் பயன் குறையும் என்பது உண்மையே. அப்போதும் நோயின் கடுமையைத் தணிக்க அது உதவுகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு, ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு ஆபத்து மற்ற காலங்களைப்போல் சுமார் ஆறு மடங்கு ஆவதைக் காட்டியது. இதயத்துக்காக உணவை மாற்றிய வீட்டில், இதயத்தைக் காக்கும் இந்த ஊசி விடுபடக் கூடாது. ஊசி போட்டு எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். எனவே காய்ச்சல் பரவத் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். நிமோனியா வந்து மீண்ட மாமியாருக்கும், சர்க்கரை நோயுள்ள கணவருக்கும், நிமோனியாவை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரான நியூமோகாக்கல் தடுப்பூசி போடப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பெரும்பாலான ஃப்ளூ தடுப்பூசிகள் கோழி முட்டையில் வளர்க்கப்படுகின்றன என்பதால் உங்கள் மகள் தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். முட்டையில்லாமல் தயாரிக்கப்படும் ஃப்ளூ தடுப்பூசிகளும் இருக்கின்றன. உங்கள் இடத்தில் கிடைக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். கிடைக்காவிட்டால், பாட்டியின் பாதுகாப்புக்காகவும் அவள் எடுக்கும் முடிவு இது என்பதைப் பொறுமையாக அவளிடம் பேசுங்கள்.

மாமியாரின் கீரை சூப்

வார்ஃபரின், வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் மருந்து. பச்சைக் கீரைகளில் வைட்டமின் கே மிகுதி. ஒரு கிண்ணம் வேகவைத்த பசலைக்கீரையிலேயே ஒரு நாள் தேவையைப்போல் பல மடங்கு இருக்கிறது. மாமியார் முன்பு கீரையே தொடாதவர் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்த உணவுக்குத் தக்கபடி அளவிடப்பட்ட மாத்திரையோடு இப்போது தினமும் கீரை சேரும்போது மருந்தின் வீரியம் குறைந்து, ரத்தக்கட்டி உருவாகும் ஆபத்தும் அதன் வழியே பக்கவாத ஆபத்தும் கூடலாம். மறுபுறம், மஞ்சள் கேப்ஸ்யூலில் செறிவாக இருக்கும் குர்க்குமின் ரத்தக் கசிவைக் கூட்டக்கூடும். எதிர்த் திசைகளில் இழுக்கும் இந்த இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்துவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. எது மேலோங்கியிருக்கிறது என்பதை, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை மட்டுமே சொல்லும். அதை இந்த வாரத்துக்குள் செய்துவிடுங்கள். மஞ்சள் கேப்ஸ்யூலையும், வீட்டில் இருந்தால் பூண்டு, இஞ்சி, கிங்கோ மாத்திரைகளையும் உடனே நிறுத்துங்கள். சமையலில் சேரும் அளவு மஞ்சளாலும் பூண்டாலும் பொதுவாகச் சிக்கல் இல்லை.

வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையே சாப்பிடக் கூடாது என்று பலர் நம்புவதும் தவறுதான். வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவு சாப்பிட வேண்டும் என்பதுதான் விதி. தினமும் ஒரு சிறு பங்கு கீரை என்று நீங்கள் தீர்மானித்தால், அதை மருத்துவரிடம் சொல்லி, மாத்திரையை அதற்கேற்பச் சரிசெய்யச் சொல்லலாம். அதிகமாகக் கொடுப்பதும், பயந்து முழுவதுமாக நிறுத்துவதும், பிறகு மீண்டும் கொடுப்பதும்தான் ஆபத்து. காரணமில்லாமல் தோலில் தோன்றும் கன்றல், ஈறில் ரத்தம், கருநிற மலம், தலையில் அடிபடுதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும், முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சு குழறுதல் போன்ற அறிகுறி தெரிந்தாலும் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

அவர் பாலும் முட்டையும் கேட்பதற்கு வருகிறேன். 74 வயதில் பசி குறைந்திருக்கும்போது முதலில் குறைவது புரதம். அதைத் தொடர்ந்து தசையும் எலும்பும் நலிகின்றன. முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்று முதுமை மருத்துவத்தில் பரிந்துரைக்கிறோம். 55 கிலோ எடையுள்ளவருக்கு இது நாளுக்கு 55 முதல் 66 கிராம். வேகவைத்த 100 கிராம் பயறில் ஏறத்தாழ 8 அல்லது 9 கிராம் புரதம்தான் கிடைக்கும் என்பதால், நான்கு வாய் சூப்போடு எழுந்துவிடும் ஒருவர் தாவர உணவில் மட்டும் இந்த அளவை எட்டுவது கடினம். பிரிட்டனில் சுமார் 55,000 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு, இறைச்சி உண்பவர்களைவிட முழுத் தாவர உணவினருக்கு இடுப்பெலும்பு முறிவு ஆபத்து ஏறத்தாழ 2.3 மடங்கு இருந்ததை 2020-இல் காட்டியது. உடல் எடையும் கால்சியமும் புரதமும் குறைந்திருப்பது அதற்கு ஒரு பகுதிக் காரணம். இந்த ஆய்வை வைத்து இளையவர்களைப் பயமுறுத்தத் தேவையில்லை; ஆனால் ரத்தம் எளிதில் உறையாமல் தடுக்கும் மருந்தை எடுக்கும் முதியவர் ஒருவர் விழுந்து எலும்பை முறித்துக்கொள்வது மிகக் கடுமையான விபத்து.

ஆகவே அவரை வற்புறுத்தாதீர்கள். உங்கள் அக்கறையில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆயினும் தன் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை, தெளிந்த நினைவுள்ள ஒரு முதியவருக்கு உண்டு. இங்கே அவருடைய விருப்பமும் மருத்துவக் காரணமும் ஒரே பக்கம் நிற்கின்றன. காய்கறியும் பயறும் மிகுந்த உணவோடு அவருக்குப் பாலும் முட்டையும் இருக்கட்டும்.

மகளின் சோர்வு

இந்தச் சோர்வை உடல் பழகும் காலம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஓராண்டாகத் தாவர உணவில் இருக்கும், மாதவிடாய் தொடங்கிய பெண்ணிடம் நான் முதலில் சந்தேகப்படுவது இரும்புச்சத்துக் குறைவை. அவள் வயதில் நாளுக்கு 15 மி.கி. இரும்பு தேவை. தாவரங்களில் உள்ள இரும்பு, இறைச்சியில் உள்ளதைவிடக் குறைவாகவே உடலில் சேர்வதால் அவளுக்கு உண்மையில் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஆனால் அதற்கு முன்பே உடலின் இரும்புச் சேமிப்பு கரைந்திருக்கும் என்பதால், அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் சேர்த்துச் செய்ய வேண்டும். சோதிக்காமல் இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

உணவில் செய்யக்கூடியவை எளிமையானவை, ஆனால் பலன் தருபவை. பயறு, கொண்டைக்கடலை, டோஃபு போன்றவற்றை உண்ணும் அதே வேளையில் எலுமிச்சையோ குடைமிளகாயோ ஆரஞ்சோ இருந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். வைட்டமின் சி-க்கு உங்கள் வீட்டில் உண்மையான வேலை இருக்கும் இடம் இதுதான். பயறுகளை ஊறவைப்பதும் முளைகட்டுவதும் இரும்பைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட்டைக் குறைக்கும். குளிருக்கு இதமாக இருக்கிறது என்று உணவோடு தேநீரோ காபியோ குடித்தால் இரும்பு சேர்வது கணிசமாகத் தடைப்படும். உணவுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். இந்த வயதில் நாளுக்கு 1300 மி.கி. கால்சியமும் தேவை. பசலைக்கீரையில் கால்சியம் இருந்தாலும், அதே கீரையிலுள்ள ஆக்ஸலேட் என்ற பொருள் அதைப் பிடித்துக்கொள்வதால் மிகக் குறைவாகவே உடலுக்குக் கிடைக்கிறது. கால்சியம் செறிவூட்டப்பட்ட சோயாப் பால், கால்சியம் சேர்த்து உறையவைத்த டோஃபு, ப்ரோக்கோலி, கேல் கீரை ஆகியவை மேலானவை.

இன்னொன்றையும் மென்மையாகக் கவனியுங்கள். அவள் உணவு வகைகளைக் குறைப்பதோடு அளவையும் குறைத்துக்கொண்டே போகிறாளா, எடை இறங்குகிறதா, மாதவிடாய் தவறுகிறதா? இரக்கத்தால் எடுத்த முடிவு என்பதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் சில பிள்ளைகளிடம் உண்ணுதல் சார்ந்த மனநலச் சிக்கல் இப்படியொரு நல்ல காரணத்துக்குப் பின்னே மறைந்து வளர்வதைக் காண்கிறோம். அப்படி ஏதேனும் தென்பட்டால், தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

தட்டிலிருந்து கிடைக்காதவை

சரியாகத் திட்டமிட்டால் முழுத் தாவர உணவில் நலமாக வாழ முடியும். ஆனால் வைட்டமின் பி12 விஷயத்தில் திட்டமிடலுக்கு ஒரே பொருள்தான்: அதை மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ எடுத்தே ஆக வேண்டும். ஸ்பைருலினாவில் இருப்பதாகச் சொல்லப்படும் பி12 பெரும்பாலும் மனித உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். கல்லீரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான சேமிப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது. தெரியவரும்போது கால் மரத்துப்போதல், தள்ளாட்டம், மறதி என நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கலாம். தாவர உணவில் மிகுந்திருக்கும் ஃபோலேட் என்ற மற்றொரு பி வைட்டமின், பி12 குறைவால் வரும் ரத்தசோகையை வெளித்தெரியாமல் மறைத்துவிடவும் கூடும். உங்கள் கணவருக்கு இது இன்னும் முக்கியம்; மெட்ஃபார்மினே பி12 அளவைக் குறைக்கும் மருந்து. அவருக்குக் கால் எரிச்சல் வந்தால் சர்க்கரையால் வந்தது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நால்வருக்கும் ஒருமுறை பி12 சோதித்து, எவ்வளவு எடுப்பது என்று மருத்துவரிடம் முடிவு செய்யுங்கள்.

வைட்டமின் டி தாவர உணவினருக்கு மட்டுமான பிரச்சினை அல்ல; நீண்ட குளிர்காலம் உள்ள இடங்களில் எல்லோருக்குமே அது குறையலாம். ஜன்னல் கண்ணாடி, தோலில் வைட்டமின் டி-யை உருவாக்கும் புறஊதா பி கதிர்களைப் பெருமளவு தடுத்துவிடும். எனவே கண்ணாடிக்குப் பின்னே எத்தனை நேரம் உட்கார்ந்தாலும் உடல் சூடாகுமே தவிர வைட்டமின் உருவாகாது. வெளியே போனாலும், ஏறத்தாழ 42 பாகை வடக்கில் இருக்கும் பாஸ்டனில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலால் தோலில் வைட்டமின் டி உருவாவதில்லை என்று 1988-இல் வெளியான ஆய்வு காட்டியது. 70 வயதுவரை நாளுக்கு 15 மைக்ரோகிராம், அதற்கு மேல் 20 மைக்ரோகிராம் என்பது பொதுவான தேவை. லைக்கன் என்ற பாசிக்காளானிலிருந்து எடுக்கப்பட்ட டி3 மாத்திரை கிடைக்கிறது என்பதால் உங்கள் மகளும் தயங்காமல் எடுக்கலாம். அயோடின் கலந்த உப்பையே சமையலுக்குப் பயன்படுத்துங்கள்; பாலும் மீனும் நின்றுவிட்ட வீட்டில் அயோடினும் குறையக்கூடும். மீனின் ஒமேகா-3 கொழுப்புக்கு ஈடாகப் பொடித்த ஆளி விதையோ வால்நட்டோ தினமும் சிறிது இருக்கட்டும்.

குளிர்காலச் சமையலில் ஓர் எச்சரிக்கை

மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரத்தில் சிவப்பு ராஜ்மாவைப் பச்சையாகவே போட்டு, இரவு முழுவதும் வேகவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். இதை உடனே மாற்றுங்கள். பச்சை ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப்புரதம் இருக்கிறது. சரியாக வேகாத நான்கைந்து விதைகளே கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் வரவழைக்கப் போதும். அந்தப் பாத்திரத்தின் மிதமான சூடு அதை அழிக்காது. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம், முடிந்தால் 30 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்ட பிறகே மெதுவான பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். டப்பாவில் வருவது ஏற்கெனவே வேகவைத்தது. உப்பு நீரை அலசினால் போதும்.

குளிர்காலத்தில் புதிய காய்கறி அரிதாகக் கிடைப்பதை ஒரு குறையாகச் சொல்லியிருந்தீர்கள். பறித்தவுடன் உறையவைத்த பட்டாணி, பசலை, ப்ரோக்கோலி ஆகியவற்றின் சத்து, பல நாள் பயணம் செய்து வந்த காய்கறியின் சத்துக்குக் குறைந்ததல்ல. கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட், பூசணி ஆகியவை குளிர்காலம் தாங்கும் காய்கள். கேரட்டையும் பூசணியையும் வேகவைத்துச் சிறிது எண்ணெயோடு உண்டால் அவற்றின் கரோட்டின் நன்றாகச் சேரும். காய்கறியும் பழமும் சேர்ந்து ஒருவருக்கு நாளுக்கு 400 கிராம் என்பது குறைந்தபட்ச இலக்கு. தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். நார்ச்சத்தைக் கூட்டிவிட்டுத் தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கலே மிஞ்சும்.

எந்த வழியில் தொடர்வது?

உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. நால்வரும் முழுத் தாவர உணவில் தொடர்வது, பழைய உணவுக்கே திரும்புவது, அல்லது வீட்டின் பொதுச் சமையல் தாவர உணவாக இருந்து அவரவர் உடலுக்கு ஏற்ப மட்டும் சேர்ப்பது. மூன்றாவதையே நான் பரிந்துரைக்கிறேன். மகள், பி12-ஐத் தவறாமல் எடுத்துக்கொண்டு, ரத்தப் பரிசோதனையின் முடிவுப்படி இரும்பைச் சரிசெய்துகொண்டு, முழுத் தாவர உணவில் தொடரலாம். நீங்களும் விரும்பினால் அவ்வாறே தொடரலாம். கணவருக்கு மருந்தளவு சரியாகும்வரை மூன்று வேளையும் முழுத்தானியமும் பயறும் உள்ள உணவு. அதன் பிறகு அளவைக் குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம். மாமியாருக்குப் பாலும் முட்டையும் சேர்ந்த உணவு, கீரை அளவோடு.

இன்று மருத்துவரை அழைப்பது கணவருக்காக. இந்த வாரத்துக்குள் மாமியாரின் ஐ.என்.ஆர்., மகளின் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும், நால்வருக்கும் பி12 பரிசோதனை, ஃப்ளூ தடுப்பூசி. மூன்று மாதம் கழித்துக் கணவரின் ஹெச்பிஏ1சி. மருத்துவரிடம் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை, கேப்ஸ்யூல், பொடி டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கடைகளில் மருந்துச்சீட்டில்லாமல் வாங்கியவற்றைத்தான் அவர் முதலில் பார்க்க வேண்டும்.